தலை அழகாக இருந்தால் போதாது: பழைய விமானக் கிட் ஒன்றில் பாப் ரிவெட்டுகளைச் சோதித்த அனுபவம்

பாப் ரிவெட் என்பது நடுவில் இரும்பு ஆணி கோத்த சின்ன அலுமினியக் குழாய்; துளையில் செருகி, ரிவெட் கன் என்ற கருவியால் ஆணியை இழுத்தால் பின்பக்கம் உப்பித் தகடுகளைக் கவ்விக்கொள்ளும், ஆணி உடைந்து வரும். அதை அடித்து முடித்தபின் வெளியே தெரியும் தலையைப் பார்த்து இது நல்லது, இது மோசம் என்று சொல்லிவிடலாம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். சொல்ல முடியாது. தலை பளபளவென்று உருண்டையாக உட்கார்ந்திருக்கும், வரிசை நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும், உள்ளே பார்த்தால் இரண்டு தகடும் ஒன்றோடொன்று சேராமல் நடுவிலேயே ரிவெட் உப்பி நிற்கும். அப்படி ஒரு வரிசையை என் கண்ணாலேயே பார்த்தேன். பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டும் விமானக் கிட்டைத் தாங்களே கட்டுகிறவர்களும், கட்டலாமா என்று யோசிக்கிறவர்களும் தமிழில் படிக்க இந்த விஷயம் எங்கேயாவது இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எனக்கு வேலை கார் பாடித் தகடுகளின் தரம் பார்ப்பது. இருப்பது அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தில். இங்கே எனக்குப் பழக்கமான கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், என்னைவிட மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், ஜெனித் சி.எச். 701 விமானத்தின் கிட் ஒன்றைப் பாதியில் வாங்கினார். முதலில் வாங்கியவர் வாலையும் ஒரு இறக்கையில் பெரும்பகுதியையும் முடித்துவிட்டு நிறுத்தியிருந்தார். இங்கே இது சகஜம். கிட் வாங்குகிறவர்களில் பலர் வீடு மாறுவார்கள், உடம்புக்கு முடியாமல் போகும், குழந்தை பிறக்கும். பாதி விமானம் அடுத்தவர் காரேஜுக்கு வண்டியேறிப் போகும். வேலையில் பாதிக்கு மேல் தொழில்முறை சாராத ஆட்கள் கற்றுக்கொள்வதற்காகவோ பொழுதுபோக்காகவோ செய்தது என்று காட்ட முடிந்தால் போதும், அதைச் சோதனை வகை விமானமாகப் பதிந்து ஓட்டலாம். யார் கட்டிய பாதி என்பது சட்டத்துக்குப் பெரிய விஷயம் இல்லை. அதில் உட்கார்ந்து பறக்கப் போகிறவருக்குத்தான் அது பெரிய விஷயம்.

சி.எச். 701 என்பது கிறிஸ் ஹைன்ட்ஸ் 1986இல் வடிவமைத்த சின்ன இரண்டு இருக்கை விமானம். பிரான்சில் கான்கார்ட் என்ற ஒலியைவிட வேகமான பயணிகள் விமானத்தின் வேலையில் இருந்தவர், பிறகு கனடாவுக்கு வந்து சொந்தமாக விமானங்கள் வடிவமைத்தார். அவருடைய வடிவமைப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது, காரேஜில் தனியாக வேலை பார்க்கும் ஆளை மனதில் வைத்தே எல்லாம் யோசித்திருப்பது. குழாயாக இல்லாமல் உள்ளே முழுக்க உலோகமான முழு ரிவெட் அடிக்க வேண்டுமென்றால் ஒரு பக்கம் காற்றுச் சுத்தியல், மறுபக்கம் தாங்கு கட்டை, பெரும்பாலான இடங்களில் இரண்டு ஆட்கள். பாப் ரிவெட்டுக்கு ஒரு ஆள், ஒரு பக்கம் போதும். அதனால்தான் இந்த வகை விமானத்தின் தகடு வேலை முழுக்கவே கிட்டத்தட்ட பாப் ரிவெட். இன்னொரு கிட் நிறுவனமான வேன்ஸின் ஆர்.வி. விமானங்களில் பெரும்பாலானவை முழு ரிவெட்தான், ஆனால் அவர்களும் ஆர்.வி.-12இல் பெரும்பகுதிக்கு இப்படி இழுக்கும் பாப் வகை ரிவெட்டுக்கே வந்தார்கள்.

ஒரு பக்கம் போதும் என்கிற அந்த வசதியில்தான் சிக்கலும் இருக்கிறது. முழு ரிவெட்டில் பின்பக்கம் நசுங்கிய தலையை அளந்து பார்க்கலாம். அகலம் ரிவெட் விட்டத்தில் ஒன்றரை மடங்கு, உயரம் பாதி, அதற்கென்று ஒரு சின்னத் தகடு அளவி இருக்கிறது, வைத்துப் பார்த்தால் தேறியதா இல்லையா என்று அந்த நிமிஷமே தெரியும். பாப் ரிவெட்டில் பின்பக்கம் பெரும்பாலும் மூடிய பெட்டிக்குள் போய்விடும். ஆக, இழுத்தபின் பார்ப்பது பாதிச் சோதனைகூட இல்லை. இழுப்பதற்கு முன்னால் துளை, பிசிறு, தகடுகளின் நெருக்கம், ரிவெட்டின் நீளம், கருவி இந்த ஐந்தும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் உண்மையான தரச் சோதனை. என் தொழிலில் இதைத்தான் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். விமானத்தில் அதன் அருமை இன்னும் நன்றாகப் புரிந்தது.

துளையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பாதிக்கு மேல் பிரச்சினை அங்கேதான். ஜெனித்தில் ஏ4 என்றால் 1/8 அங்குல ரிவெட், ஏ5 என்றால் 5/32 அங்குலம். ஏ4க்கு 30ஆம் எண் ட்ரில் பிட், அதாவது 0.1285 அங்குலம், சுமார் 3.26 மி.மீ. ஏ5க்கு 20ஆம் எண், 0.161 அங்குலம். ரிவெட்டைவிடத் துளை ஒரு மயிரிழைதான் பெரிது. மழுங்கிய பிட்டில், கை ஆட ஆட, அழுத்திப் போட்டால் துளை வட்டமாக வராது. முக்கோணம் மாதிரி வரும், அல்லது ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நீள்வட்டமாகும். ரிவெட் உப்பும்போது துளைச்சுவரை நிரப்பத்தான் செய்யும், ஆனால் அதற்கும் ஒரு எல்லை உண்டு. நிரம்பாத துளையில் ரிவெட் இன்றைக்கு இறுக்கமாகத் தெரிந்தாலும், எஞ்சின் அதிர்வில் நாள்பட நாள்பட ஆடத் தொடங்கும். இப்போது வரும் கிட்களில் தொழிற்சாலையிலேயே கணினி எந்திரத்தில் முழு அளவுத் துளை போட்டுத் தருகிறார்கள், அதனால் இந்தத் தலைவலி பெரிதும் குறைந்துவிட்டது. எங்களிடம் வந்தது பழைய கிட். சின்னத் துளை போட்டு, தகடுகளைச் சேர்த்து, பிறகு கையால் பெரிதாக்கிய காலத்துத் துளைகள்.

துளை போட்டவுடன் தகடுகளைப் பிரிக்க வேண்டும். சிலருக்கு இதில்தான் சோம்பல். எல்லாத் துளையும் போட்டாயிற்று, தகடுகளைத் தற்காலிகமாகச் சேர்த்துப் பிடிக்கும் கிளெக்கோ ஊசிகள் மாட்டியிருக்கின்றன, அப்படியே ரிவெட்டை இழுத்துவிட்டால் என்ன என்று தோன்றும். பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் உள்பக்கம் பிசிறு நிற்கும், நடுவில் அலுமினியச் சுருள் மாட்டிக்கொண்டிருக்கும். 0.016 அங்குலத் தகட்டில், அதாவது சுமார் 0.4 மி.மீ. தகட்டில், அந்தச் சுருள் கொடுக்கும் இடைவெளி சின்னதே இல்லை. ரிவெட்டை இழுக்கும்போது அதன் உடம்பு எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே உப்பும். பின்தகட்டுக்குப் பின்னால் மட்டும் உப்ப வேண்டியது, இரண்டு தகட்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளியிலும் கொஞ்சம் உப்பிவிடும். அப்படி உப்பிவிட்டால் அந்தத் தகடுகளை அதற்குமேல் எவ்வளவு இழுத்தாலும் சேர்க்க முடியாது. ரிவெட்டே நடுவில் ஆப்பு வைத்த மாதிரி நின்றுவிடும். பெரிய பிட் ஒன்றைக் கைப்பிடியில் மாட்டி, துளை விளிம்பில் லேசாக ஒரு சுற்று சுற்றினால் பிசிறு போய்விடும். லேசாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். விளிம்பைக் கூம்பாகச் சீவிவிட்டால் மெல்லிய தகட்டில் கத்தி முனை போன்ற விளிம்பு உண்டாகும், விரிசல் தொடங்க அது நல்ல இடம். 1988இல் ஹவாயில் அலோஹா ஏர்லைன்ஸ் 737 விமானத்தின் கூரை பறக்கும்போதே பிய்த்துக்கொண்டு போனதே, அதில் விரிசல்கள் தொடங்கியது ரிவெட் துளைகளிலிருந்துதான். அது வேறு வகை ரிவெட், பசை விட்டுப்போன இணைப்பு, காற்றழுத்தம் ஏற்றிய கேபின், உப்புக்காற்று என்று பல காரணங்கள் சேர்ந்தது. ஆனாலும் துளை விளிம்பை அலட்சியமாக நினைக்கும் யாருக்கும் நான் அதைத்தான் சொல்வேன்.

பிசிறு எடுத்து, துடைத்து, தகடுகள் சேரும் பரப்பில் துத்தநாகக் குரோமேட் பூசி, மறுபடி கிளெக்கோ மாட்டும்போது தாராளமாக மாட்டுங்கள். 30ஆம் எண் துளைக்குச் செம்பு நிறக் கிளெக்கோ, 20ஆம் எண்ணுக்குக் கறுப்பு. குறைந்தது ஒன்று விட்டு ஒன்று. இறக்கையின் முன்விளிம்பை மூடும் வளைவான மூக்குத் தகட்டில் ஒவ்வொரு துளையிலும். ஒரு மூலையிலிருந்து ஆரம்பித்து வரிசையாக இழுத்துக்கொண்டே போனால், சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்ட மாதிரி, கோணல் எல்லாம் சேர்ந்து கடைசியில் போய் நிற்கும். அங்கே தகடு புடைக்கும், துளைகள் ஒன்றுக்கொன்று நேராக இருக்காது, கடைசி ரிவெட் சாய்ந்துதான் உள்ளே போகும். இடையிடையே இழுத்து, நடுவிலிருந்து வெளியே போய், மிச்சத்தை அப்புறம் நிரப்ப வேண்டும். கை விரலால் தட்டிப் பாருங்கள். ரிவெட் வரிசையை ஒட்டித் தகடு டொக் டொக்கென்று உள்ளே வெளியே குதித்தால், அங்கே தகடு சரியாகப் படியவில்லை.

அடுத்தது நீளம். ஒவ்வொரு ரிவெட்டும் இவ்வளவு கனத்திலிருந்து இவ்வளவு கனம்வரை பிடிக்கும் என்று ஒரு வரம்பு உண்டு. ஜெனித் கிட்டுடன் வரும் அவெக்ஸ் ரிவெட்டின் நல்ல குணம் அந்த வரம்பு அகலமாக இருப்பது, அதனால் ஒரே நீள ரிவெட் பல இடங்களுக்கு ஆகும். ஆனால் ஸ்பார் (இறக்கையின் நீளவாக்கில் ஓடும் முதன்மைச் சட்டம்), எல் கோணம், தகடு, அதன் மேல் இன்னொரு தகடு என்று நாலைந்து அடுக்கு சேரும் மூலைகள் எல்லா விமானத்திலும் உண்டு. அங்கே கண்ணால் கணக்குப் போடாமல் அடுக்கின் கனத்தைக் கூட்டிப் பாருங்கள். ஜெனித் வரைபடங்களில் நீள அகலம் மில்லிமீட்டரில் இருக்கும், தகட்டுக் கனம் அங்குலத்தில் இருக்கும். கூட்டும்போது இரண்டையும் கலந்துவிடாமல் ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்லது. ரிவெட் குட்டையாக இருந்தால் பின்னால் உப்புவதற்கு உடம்பே மிஞ்சாது. வெளியே தலை மட்டும் வழக்கம்போல அழகாக இருக்கும்.

கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவெக்ஸ் ரிவெட்டின் தலை தகட்டுக்குள் சமமாக அமரும் வகைச் சரிவுத் தலை. ஹைன்ட்ஸ் செய்தது என்னவென்றால், ரிவெட் கன்னின் மூக்குத்துண்டைக் குழிவாகக் கடைந்து, இழுக்கும்போதே அந்தத் தலை கவிழ்ந்து தாழ்வான குமிழாக மாறும்படி வைத்தார். தலையும் தகட்டோடு ஒட்டிப் படிகிறது, காற்றுக்கும் பெரிய தடையில்லை. ஆனால் இதனால் மூக்குத்துண்டு சரியாக இருந்தே ஆக வேண்டும். சாதாரணத் தட்டை மூக்கை மாட்டி இழுத்தாலோ, குழிவு தேய்ந்துபோயிருந்தாலோ தலையின் ஓரம் தகட்டில் படியாமல் நிற்கும், நகத்தால் தடவினால் தட்டுப்படும். ஏ4 மூக்கு வேறு, ஏ5 மூக்கு வேறு. மாற்றி மாட்டினால் தலையைச் சுற்றி வட்டமாக ஒரு வடு விழும் அல்லது குமிழ் ஒரு பக்கம் சரியும். உள்ளே ஆணியைக் கவ்வும் பற்களில் இரும்புத்தூள் அடைத்துக்கொண்டால் பிடி வழுக்கும். ஒரே மூச்சில் இழுக்க வேண்டியதை நாலு தடவை இழுக்கும். காற்றுக் கன்னானால் காற்றழுத்தம் குறைந்தாலும் இதே கதை. நான் வேலை தொடங்கும் முன் பற்களைக் கழற்றித் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டுவிடுவேன்.

கன்னைத் தகட்டுக்குச் செங்குத்தாகப் பிடித்து, மூக்கால் நன்றாக அழுத்திக்கொண்டு இழுக்க வேண்டும். சாய்ந்தால் தலையின் ஒரு பக்கம் அமரும், மறுபக்கம் கன்னத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும். கொஞ்ச நாளில் சத்தமே பழகிவிடும். நல்ல ரிவெட் ஒரு இழுப்பு இழுத்து, டக்கென்று ஒரே சத்தத்தில் ஆணி உடையும். இழுக்க இழுக்க மெத்தென்று வந்து, கடைசியில் சுரத்தில்லாமல் உடைந்தால் துளை பெரிதாகவோ தகடு விலகியோ இருக்க வாய்ப்பு அதிகம். அந்த இடத்தில் உடனே ஒரு மார்க்கர் புள்ளி வையுங்கள். அப்புறம் பார்க்கலாம் என்று விட்டால் எந்த ரிவெட் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

சரி, இழுத்தாயிற்று, வெளியிலிருந்து என்னென்ன பார்க்கலாம்? முதலில் டார்ச்சைத் தகட்டோடு படுக்க வைத்து அடியுங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒவ்வொரு தலையின் நிழலும் தெரியும். ஒரே மாதிரி நிழல்களுக்கு நடுவில் ஒன்று மட்டும் பிறை மாதிரி நீண்டிருந்தால் அது சாய்ந்த தலை. அதன் அடியில் இடைவெளி அளக்கும் மெல்லிய ஃபீலர் கேஜ் இலையை விட்டுப் பாருங்கள், ரிவெட்டின் உடம்பு வரை உள்ளே போனால் அந்த ரிவெட்டை எடுக்க வேண்டும். பிறகு நடுவில் ஆணி உடைந்த இடம். அது தலைக்குக் கொஞ்சம் உள்ளே இருக்க வேண்டும், எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே ஆழத்தில். தலைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சரியாக இழுபடவில்லை. கம்பியால் தொட்டால் ஆடினாலோ உள்ளே போய் விழுந்தாலோ அதுவும் கணக்கில்லை. உடைந்த ஆணிகளைக் குப்பையில் கொட்டும் முன் ஒரு தட்டில் பரப்பி எண்ணிப் பாருங்கள். எல்லாம் ஒரே நீளமாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஆணியில் உடைய வேண்டிய இடத்தில் தொழிற்சாலையிலேயே ஒரு மெலிவு வைத்திருக்கிறார்கள். நீளம் மாறினால் வேறெங்கோ உடைந்திருக்கிறது. அதோடு, அலுமினிய உடம்புக்குள் இரும்பு ஆணிகள் உருண்டுகொண்டிருக்கக் கூடாது என்பதற்கும் இந்த எண்ணிக்கை உதவும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் உள்ளே என்ன நடந்தது என்று உறுதியாகத் தெரிய ஒரு வழிதான் எனக்குத் தெரியும், வெட்டிப் பார்ப்பது. வேலை தொடங்கும் ஒவ்வொரு முறையும், அன்றைக்கு இழுக்கப் போகும் அதே கனத் துண்டுத் தகடுகளில், அதே பிட், அதே கன், அதே ரிவெட் பெட்டி வைத்து ஒரு சின்ன வரிசை இழுத்துவிடுவோம். அதில் ஒன்றை வைஸில் பிடித்து, ஹாக்ஸாவால் ரிவெட்டின் நடுவுக்குச் சற்று வெளியே அறுத்து, அரத்தால் நடுக்கோடு வரை ராவி, ஈர உப்புத்தாளில் தேய்த்து பளபளப்பாக்கி, பூதக்கண்ணாடியில் பார்ப்போம். நல்ல ரிவெட்டின் குறுக்குவெட்டு பார்க்கவே அழகு. மேலே தாழ்ந்த குமிழ், அதன் ஓரம் தகட்டோடு ஒரே கோடாகப் படிந்திருக்கும். கீழே உடம்பு சுருங்கி அகலமாக உப்பி, ஆணியின் தலையைக் கவ்விக்கொண்டிருக்கும். இரண்டு தகட்டுக்கும் நடுவில் கோடு இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கும். துளைச்சுவருக்கும் ரிவெட்டுக்கும் நடுவில் கறுப்புக் கோடே தெரியாது. வேண்டுமென்றே பிசிறு எடுக்காமல் ஒன்று இழுத்து அதையும் வெட்டிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் வெள்ளையாக ஒரு வளையம் இரண்டு தகட்டையும் பிளந்துகொண்டு நிற்கும். புதிதாக உதவிக்கு வருகிற யாருக்கும் நான் வாயால் விளக்குவதில்லை, இந்த இரண்டு துண்டையும் கையில் கொடுத்துவிடுவேன்.

மிச்சத் துண்டை வைஸில் ஒரு தகட்டைப் பிடித்து, இன்னொன்றை இடுக்கியால் உரித்து எடுப்போம். மெல்லிய தகட்டில் நல்ல ரிவெட் பெரும்பாலும் தன்னோடு தகட்டையும் கிழித்துக்கொண்டுதான் வரும். ரிவெட் மட்டும் முழுசாகத் துளை வழியே நழுவி வந்தால் பின்னால் சரியாக உப்பவில்லை.

இப்போது அண்ணன் வாங்கிய வால். வாங்கி வந்த அன்றைக்கு எங்கள் இருவருக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. கிடைவால் மூடியிருந்தது, தலைகள் ஒழுங்கு. தூக்கித் திருப்பியபோது உள்ளே கலகலவென்று ஏதோ உருண்டது. கவனியுங்கள், மூடிய பாகத்தில் எந்தச் சத்தமும் வரக் கூடாது. உடைந்த ஆணித்தலையோ, எடுத்துப் போட்ட பழைய ரிவெட்டின் வாலோ (பின்பக்கம் உப்பிய பகுதி) உள்ளே கிடக்கிறது என்று அர்த்தம். யாரோ ஏற்கெனவே ரிவெட்டை எடுத்து மாற்றியிருக்கிறார்கள். அலைபேசியில் மாட்டும் குழாய்க் கேமரா இங்கே சல்லிசாகக் கிடைக்கிறது. எடை குறைக்கும் துளை ஒன்றின் வழியே அதை உள்ளே விட்டோம். நடு ரிப்களில், அதாவது உள்ளே வடிவம் தரும் குறுக்குச் சட்டங்களில், ரிவெட் வால்கள் வட்டமாக, ஒரே அளவில் இருந்தன. ஓரத்து ரிப் பக்கம் போகப் போக வால்கள் சின்னதாகின, ஒன்றிரண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. பிறகு காரேஜ் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கை விட்டோம். ஓரத்து வரிசையில் தகட்டுக்கும் ரிப் மடிப்புக்கும் நடுவில் வெளிச்சம் கசிந்தது. வெளிச்சம் போகிற இடத்தில் தகடு ஒட்டவில்லை, அவ்வளவுதான்.

"அண்ணே, இந்த வரிசையை எடுத்துடலாம்."

"வெளிய பாக்க நல்லாத்தானே இருக்கு தம்பி? எடுக்கப் போயி துளை பெருசாயிட்டா?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஒவ்வொரு ரிவெட்டை எடுக்கும்போதும் துளையைக் கெடுக்கும் அபாயம் உண்டு, சுமாரான ரிவெட்டை எடுக்கப் போய் மோசமான துளையை உண்டாக்குவது நடக்கிற காரியம்தான். அதனால் எல்லாவற்றையும் எடுக்காமல் முதலில் சாய்ந்து தெரிந்த ஒன்றை மட்டும் எடுத்தோம். உள்ளிருந்து வந்த ரிவெட்டில், நான் மேலே சொன்னேனே, அதே நடு வளையம். பக்கத்தில் இன்னொன்றிலும் அதே. அப்புறம் பேச்சே இல்லை.

இ.ஏ.ஏ. என்று இங்கே சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களின் சங்கம் ஒன்று உண்டு, 1953இல் தொடங்கியது, ஓஷ்காஷில் வருஷா வருஷம் மாபெரும் விமானத் திருவிழா நடத்துபவர்கள். அதன் தொழில்நுட்ப ஆலோசகர்கள் காசு வாங்காமல் காரேஜுக்கே வந்து பார்த்துத் தருவார்கள். எங்களுக்கு வந்தவர் ஓய்வுபெற்ற விமான மெக்கானிக். அவர் முக்கியமாகச் சொன்னது, என்னைப் பாகத்தை மூடுவதற்கு முன்னால் கூப்பிடுங்கள், மூடிய பிறகு எனக்கும் உங்களுக்கும் தெரிவது ஒன்றுதான் என்பது. அன்றிலிருந்து எந்தப் பாகத்தையும் மூடும் முன் உள்ளே ஒவ்வொரு வரிசையையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துவிடுகிறோம். கடைசியில் சான்றிதழுக்கு வரும் ஆய்வாளரால் மூடிய இறக்கைக்குள் அதிகம் பார்க்க முடியாது, அந்தப் படங்களும் பதிவேடும்தான் பேசும்.

ரிவெட்டை எடுக்கும் முறை தெரியாமல் ட்ரில்லைத் தூக்காதீர்கள். நடுவில் இருப்பது இரும்பு ஆணி, சுற்றி இருப்பது மெத்தென்ற அலுமினியம். நேராக ட்ரில் வைத்தால் பிட் இரும்பில் வழுக்கிப் பக்கத்துத் தகட்டைக் கடித்துவிடும். முதலில் ரிவெட்டைவிட மெல்லிய பின் பஞ்ச் வைத்து, பின்னால் கைக்கு எட்டும் இடமானால் ஒரு மரக்கட்டையால் தாங்கி, ஆணி மிச்சத்தை உள்ளே தட்டிவிட வேண்டும். இப்போது நடுவில் பிட்டுக்கு வழிகாட்டும் குழி கிடைத்துவிட்டது. அதே அளவு பிட்டோ, ஒரு எண் சின்ன பிட்டோ வைத்துத் தலையின் ஆழத்துக்கு மட்டும் மெதுவாகப் போனால் தலை வளையமாகக் கழன்று பிட்டிலேயே சுற்றும். நிறுத்திவிட்டு மிச்ச உடம்பைப் பஞ்சால் தள்ளிவிடுங்கள். ட்ரில் வைத்தவுடன் ரிவெட் பிட்டோடு சேர்ந்து சுழன்றால் அதுவே ஒரு தகவல், அது தகட்டை இறுக்கமாகப் பிடிக்கவே இல்லை. உள்ளே விழுந்தவற்றை எண்ணி வெளியே எடுங்கள். ஆணிக்கு காந்தம் போதும். அலுமினிய வாலைக் காந்தம் பிடிக்காது, குச்சி நுனியில் ஒட்டுநாடா சுற்றித்தான் எடுக்க வேண்டும். பொறுமை தேவைப்படும் வேலை, ஆனால் விமானத்தின் வால் பாகத்துக்குள் உலோகத் துண்டை விட்டு வைப்பது என்னால் ஒப்புக்கொள்ள முடியாத விஷயம்.

எடுத்தபின் துளை வட்டமாக, அளவாக இருந்தால் பிசிறு எடுத்து, தகட்டுக்கு நடுவில் இருக்கும் சுருளைக் காற்றடித்து ஊதி, கிளெக்கோ நெருக்கமாக மாட்டி, அதே ஏ4 ரிவெட் மறுபடி இழுக்கலாம். நீள்வட்டமாகியிருந்தால் 20ஆம் எண் பிட்டுக்கு ஏற்றி ஏ5. ஆனால் ஏற்றும் முன் விளிம்புத் தூரத்தை அளங்கள். துளை நடுவிலிருந்து தகட்டு விளிம்புக்குக் குறைந்தது ரிவெட் விட்டத்தில் இரண்டு மடங்கு வேண்டும் என்பது அமெரிக்க விமானத்துறையின் ஏ.சி. 43.13-1பி கையேட்டில் இருக்கும் பொதுக் கணக்கு. ஏ4க்கு அது 6.35 மி.மீ. ஏ5க்கு ஏறும்போது கிட்டத்தட்ட 8 மி.மீ. ஆகிவிடும். எங்களுக்கு ஒரே ஒரு இடத்தில் அந்தத் தூரம் தேறவில்லை. அங்கே பெரிதாக்காமல் கிட் நிறுவனத்துக்குப் படத்தோடு எழுதிக் கேட்டு, அவர்கள் சொன்னபடி செய்தோம். இந்த மாதிரி இடத்தில் வடிவமைப்பாளர் பக்கம் கேட்காமல் நாமாகத் தீர்ப்பது சரியில்லை.

இன்னொன்று, கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடையில் தொங்கும் பாப் ரிவெட் பாக்கெட். அளவு ஒன்றுதான், நிறம் ஒன்றுதான், பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாது. உலோகக் கலவை வேறு, ஆணி உடையும் பலம் வேறு, உடைந்தபின் ஆணித்தலையைப் பிடித்து வைத்துக்கொள்ளுமா என்பதும் வேறு. விமான ரிவெட் தீர்ந்துவிட்டது, இரண்டுதானே வேண்டும் என்று காரேஜில் அதைத் தேடும் நிலைமை வரவே கூடாது. கூடுதலாக வாங்கி வையுங்கள். பாதிக் கிட் வாங்கினால் அதோடு வரும் பெயரில்லாத டப்பாக்களில் உள்ள ரிவெட்டுகளை வேலைக்கு எடுக்காதீர்கள், எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்று தெரியாத ரிவெட் எங்கள் காரேஜில் வெட்டிப் பார்க்கும் பயிற்சிக்கு மட்டும்தான்.

பறக்கத் தொடங்கிய பிறகும் ரிவெட்டைப் பார்க்கிற வேலை தீர்வதில்லை, சொல்லப்போனால் அப்போதுதான் ரிவெட்டே நம்மிடம் பேச ஆரம்பிக்கும். இந்த வகை விமானங்களுக்குப் பெரும்பாலும் முதல் 40 மணி நேரம் சோதனைப் பறத்தல். அந்தக் காலத்தில் ஒவ்வொரு முறை இறங்கிய பிறகும் சுற்றி வந்து தலைகளைப் பாருங்கள், முக்கியமாக எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தீச்சுவர் ஓரம், சக்கரக் கால் பிடிக்கும் இடம், இறக்கையின் முன்விளிம்புக்கு முன்னால் நிற்கும் ஸ்லாட் பட்டையின் தாங்கிகள், புரொப்பெல்லர் காற்று அடிக்கும் வால். ஆடுகிற ரிவெட் துளையில் உராய்ந்து உராய்ந்து கறுப்புத் தூள் கக்கும், காற்றோட்டத் திசையில் அது புகை இழுத்த மாதிரி ஒரு கோடாகப் படியும். மெக்கானிக்குகள் அதைப் புகைகிற ரிவெட் என்றே சொல்கிறார்கள். வெள்ளைப் பெயின்ட் அடித்த விமானத்தில் இது சட்டென்று தெரியும், வெறும் அலுமினியத்தில் விரலால் தேய்த்துப் பார்த்தால்தான் தெரியும். ஈரப்பதமுள்ள ஊரில், கடல் பக்கத்தில், தலையின் நடுவில் துரு நிறம் எட்டிப் பார்ப்பதும் உண்டு. அது ஆணியின் துரு, ஆட்டம் இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அடிக்கும்போதே ஆணிக் குழியில் ஒரு சொட்டு ப்ரைமர் வைத்துவிட்டால் அந்தத் துருவும் பெரிதும் குறையும்.

கறுப்புக் கோடு பார்த்தால் துடைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். முதலில் படம் எடுத்து, துடைத்து, பக்கத்தில் தேதி எழுதிய ஒட்டுநாடா ஒட்டி, அடுத்த முறை இறங்கியதும் பாருங்கள். மறுபடி வந்திருந்தால் எடுத்து, துளையை அளந்து, தேவையானால் ஏ5க்கு ஏற்றுங்கள். ஒரு ரிவெட் ஆடினால் அதன் சுமையை இரண்டு பக்கத்து ரிவெட்டுகளும் வாங்கியிருக்கும். அதனால் அவற்றின் தலைக்கடியிலும் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் பதிவேட்டில் எழுத வேண்டும்.